45 டிகிரி மறைத்து வைத்திருந்த தவறு

மகள் தன் அறைச் சுவரில் மாட்ட, தேன்கூட்டு வடிவத்தில் ஓர் அறுகோண அலமாரி கேட்டாள். 18 மி.மீ. தேக்குப் பலகை, 12 செ.மீ. அகலம். ஒரு பக்கம் 30 செ.மீ. என ஆறு துண்டு. அறுகோணத்தில் ஒரு வசதி உண்டு: பக்கம் 30 என்றால் முனைக்கு முனை சரியாக 60. சுவரில் இடம் குறிப்பது சுலபம்.

உள்மூலை 120 டிகிரி. இரண்டு பலகை அதைப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்ளும், ஆக 60. இப்படிக் கணக்குப் போட்டுத்தான், கோணம் வைத்துப் பலகை வெட்டும் மின்ரம்பமான மைட்டர் சாவின் தலையைச் சாய்த்தேன். 45-ஐத் தாண்டி இறங்க மறுத்தது. மெஷினில் ஏதோ கோளாறு என்று அரைமணி நேரம் திருகுகளைத் தளர்த்தி இறுக்கிக்கொண்டிருந்தேன்.

கோளாறு என் கணக்கில். மெஷினின் அளவுகோலில் 0 என்பது பலகைக்குக் குறுக்கே நேராக விழும் வெட்டு. அங்கிருந்து எவ்வளவு சாய்கிறோம் என்பதைத்தான் அது காட்டும். பள்ளிக்கூடக் கோணமானியோ பலகையின் நீளவாட்டிலிருந்து அளக்கும். கோணமானியில் 60 என்பது மெஷினில் 90-இல் 60 போக 30. அதுவரை நான் செய்ததெல்லாம் போட்டோ ஃபிரேம்கள். 90-இல் பாதி 45, 90-இல் 45 போனாலும் 45. எந்தப் பக்கமிருந்து அளந்தாலும் ஒன்றாகவே வரும் ஒரே கோணம் அதுதான். அதனால் என் புரிதல் தப்பு என்று தெரியாமலே நாலைந்து ஃபிரேம் நன்றாக முடிந்துவிட்டன.

ஒழுங்கான பலகோணத்துக்கு வழி எளிது: 180-ஐப் பக்கங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் மெஷினில் வைக்க வேண்டிய எண் கிடைக்கும். ஐந்துக்கு 36, ஆறுக்கு 30, எட்டுக்கு 22.5.

தேக்கைத் தொடாமல் முதலில் பேக்கிங் பெட்டிப் பலகையில் அதே 30 செ.மீ. நீளத்துக்கு ஆறு துண்டு வெட்டிப் பார்த்தேன். ஐந்து மூலை அழகாகக் கூடின. ஆறாவது மூலையில் மூன்று செ.மீ. இடைவெளி! விரலே உள்ளே போனது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காந்தத்தில் ஒட்டும் டிஜிட்டல் கோணமானியை மேசையில் வைத்துப் பூஜ்யமாக்கி, பிறகு பிளேடில் ஒட்டினேன். மேசையிலிருந்து 60.5 காட்டியது. மெஷின் கணக்கில் 90-இல் 60.5 போக 29.5, அரை டிகிரி குறைவு. ஆறு மூலைக்குப் பன்னிரண்டு வெட்டு. ஒவ்வொன்றிலும் அரை என்றால் மொத்தம் ஆறு டிகிரி காணாமல் போயிருக்கிறது. அத்தனையும் கடைசி மூலையில் வந்து நிற்கிறது. மெஷினில் அச்சடித்திருக்கும் கோட்டை மட்டும் நம்பி அதற்குப் பிறகு நான் வெட்டியதில்லை.

பக்கத்துத் தெரு ஆசாரி அண்ணன் வந்து பார்த்தார். அவர் கோணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. துண்டுகளைச் சேர்த்து நிறுத்தி மேலே விரலை ஓட்டினார். "தம்பி, ரெண்டு துண்டு நீளம் கூட இருக்கு. நீளம் ஒண்ணா இல்லேன்னா கோணம் சரியா இருந்தும் பிரயோசனமில்ல." அவர் சொன்னபடி, மெஷினின் பின்சட்டத்தில் ஒரு கட்டையை கிளாம்ப் போட்டு நிறுத்தினேன். பலகை அதில் முட்டி நின்றதும் வெட்டு. ஒவ்வொரு தடவையும் அந்த முட்டுக்கட்டை ஓரத்திலிருந்து மரத்தூளை ஊதித் தள்ள வேண்டும், அரை மி.மீ. தூள் இருந்தாலும் துண்டு அவ்வளவு குட்டையாகிவிடும்.

ஒட்டியது இப்படி. ஆறு துண்டையும் வெளிப்பக்கம் மேலாக, முனையோடு முனை தொட வரிசையாகப் படுக்கவைத்து, மாஸ்கிங் டேப்பை இழுத்து ஒட்டினேன். அப்படியே புரட்டினால் ஐந்து பள்ளம் தெரியும். வெட்டுமுகம் பசையை உறிஞ்சிவிடும் என்பதால் முதலில் மெல்லிசாக ஒரு பூச்சு, சற்றுப் பொறுத்து இன்னொரு பூச்சு. பிறகு பாயைச் சுருட்டுவதுபோல் சுருட்டினேன். கடைசி மூலை தானாக வந்து மூடிக்கொண்டபோது உண்மையாகவே கண் கலங்கிவிட்டது.

அடுத்த மாதம் அதே அறையில் சுவரடியில் மரப்பட்டி ஓட்டினேன். இரண்டு ரீப்பர் துண்டை ஒரே திருகில் பிணைத்து மூலையில் விரித்து அளந்தால் 92 டிகிரி. பழைய நினைப்பில் பாதி என்று 46 வைக்கக் கை போனது. வைத்திருந்தால் மூட்டு நாலு டிகிரி பிசகியிருக்கும். 180-இல் 92 போக 88, அதில் பாதி 44. அதில் வைத்து வெட்டினேன், உட்கார்ந்துவிட்டது.