ஜப்பானியப் பள்ளியில் கற்பிக்கப் போகிறீர்களா? எல்லோர் கண்ணும் உங்கள் மேல்தான்

ஜப்பானில் வாழும் வெளிநாட்டவர் எண்ணிக்கை 2024 இறுதியில் 37 லட்சத்தைத் தாண்டியது. மக்கள்தொகையில் அது ஏறக்குறைய 3 சதவீதம். கேட்க நிறையப் பேர் போலத் தோன்றும். ஆனால் சீனா, வியட்நாம், கொரியாவிலிருந்து வந்தவர்களே அவர்களில் அதிகம். பெரும்பகுதியினர் டோக்கியோ, ஒசாகா, நகோயா வட்டாரங்களில் இருக்கிறார்கள். ஏ.எல்.டி. எனப்படும் ஆங்கில உதவி ஆசிரியர் வேலையோ உங்களை மலையடிவாரத்துச் சிற்றூருக்கோ கடலோர ஊருக்கோ அனுப்பக்கூடும். 1987இல் தொடங்கிய ஜெட் எனும் ஜப்பான் அரசுத் திட்டத்தின் வழியாகப் போனாலும் சரி, தனியார் நிறுவனம் வழியாகப் போனாலும் சரி, அந்தப் பள்ளியில் கருத்த தோல் கொண்ட ஒரே ஆள் நீங்களாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பார்ப்பார்கள். அதைத் தடுக்க வழியில்லை. தடுக்க முயன்று ஒதுங்கி நிற்பவர்களைத்தான் ஊர் இன்னும் நெடுநாள் பார்க்கும் என்பது என் உறுதியான எண்ணம். நம்மால் செய்ய முடிந்தது வேறு: எதைப் பார்க்கப் போகிறார்கள், எந்தக் கேள்விக்கு என்ன பதில் கிடைக்கும் என்பதை முன்கூட்டியே நாமே தீர்மானித்து, தினமும் அதே மாதிரி இருப்பது. பழகிய ஒன்றை யாரும் நின்று பார்ப்பதில்லை.

முதலில் பெயர். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயர் இருக்கும், இல்லையென்றால் வெறுமையாக இருக்கும். ஜப்பானியப் பள்ளியில் ஆசிரியரைக் குடும்பப் பெயரோடு ‘சென்செய்’ (ஆசிரியர்) சேர்த்து அழைப்பதே வழக்கம். ஆகவே நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் நாள் முழுக்க அப்பா பெயரில்தான் கூப்பிடுவார்கள். எந்தப் பெயரில் அழைக்க வேண்டும் என்பதை வேலையில் சேருவதற்கு முன்பே எழுதி அனுப்பிவிடுங்கள். பெயர்ப்பலகை, மேசை அட்டை, கால அட்டவணை எல்லாம் நீங்கள் போகும் முன்பே அச்சாகிவிடும். அந்தப் பெயரை, வெளிநாட்டுச் சொற்களுக்குப் பயன்படும் கதகானா எழுத்தில் எழுதும் விதத்தையும் நீங்களே முடிவு செய்யுங்கள். ஜப்பானிய மொழியில் ல, ர வேறுபாடு இல்லை. ‘ன்’ தவிர எந்த மெய்யிலும் சொல் முடியாது. செல்வி ‘செருபி’ ஆவார், கார்த்திக் ‘காருதிக்கு’ ஆவார். மூன்று நான்கு அசைக்குள் அடங்கும் வடிவம் நல்லது. பள்ளியில் எப்படி அழைத்தாலும் நகராட்சி அலுவலகம், வங்கி, செல்பேசி நிறுவனம் மூன்றிலும் முழுப்பெயரின் கதகானா எழுத்துக்கூட்டல் ஒன்றாகவே இருக்கட்டும். ஒரு நெடில் கோடு கூடினாலோ குறைந்தாலோ வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் விண்ணப்பம் திரும்பி வரும்.

பள்ளிப் பருவம் தொடங்கும்போது உடற்பயிற்சிக் கூடத்தில் மொத்தப் பள்ளியும் வரிசையாக நிற்க, மேடையில் உங்களை அறிமுகப்படுத்துவார்கள். அதற்கு முன் ஆசிரியர் அறையில் ஒரு சிறு பேச்சு இருக்கும். இரண்டுக்கும் அரை நிமிடம் போதும்: வணக்கம், பெயர், நாடு, ஆவலோடு வந்திருக்கிறேன், ‘யொரொஷிக்கு ஒனெகாய்ஷிமாசு’ (உங்கள் ஆதரவை வேண்டுகிறேன்). முடித்ததும் ஒருமுறை நிதானமாகக் குனிந்து நிமிர வேண்டும். கறுப்பு அல்லது கருநீலக் கோட்டு சூட்டு. கட்டடத்துக்குள் மட்டும் போட ஒரு ஜோடி சுத்தமான காலணி கட்டாயம் கொண்டு போங்கள். இல்லையென்றால் விருந்தினர் செருப்போடு நாள் முழுக்க நடக்க வேண்டும். காலளவு பெரிதென்றால் படியில் அது கழன்று விழும்.

பொட்டு, திருநீறு, மூக்குத்தி, தோடு, தாடி இவற்றைப் பற்றி முதல் நாளே துணைத் தலைமையாசிரியரிடம் கேட்டுவிடுவது நல்லது. அவரை ‘கியோதோ சென்செய்’ என்பார்கள். நடைமுறையில் ஆசிரியர் அறையை நடத்துபவர் அவரே. மாணவர்கள் காது குத்திக்கொள்வதைப் பல பள்ளிகளின் விதி தடுக்கிறது. அந்த விதியைப் பிள்ளைகளிடம் வலியுறுத்தும் ஆசிரியருக்கு உங்கள் தோடு சங்கடமாகலாம்; காரணம் தெரிந்திருந்தால் அவரே வகுப்பில் விளக்கிவிடுவார். வைத்துக்கொள்வது என்று முடிவானால் தினமும் வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் வைத்து மறுநாள் விட்டால் ஒவ்வொரு முறையும் கேள்வி புதிதாக முளைக்கும். மருதாணியை மட்டும் பள்ளி நாட்களில் தவிர்க்கச் சொல்வேன். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது பச்சை குத்தியது போலத் தெரியும். பச்சை குத்தியவர்களை உள்ளே விடாத வெந்நீர்க் குளியலிடங்கள் இன்றும் உள்ள நாடு அது.

இனி வகுப்பறை. ‘ஜிகோஷோகாய்’ எனும் சுய அறிமுகப் பாடம்தான் எல்லா வகுப்புக்கும் முதல் பாடம். ஆரம்பப் பள்ளியில் ஒரு பாடவேளை 45 நிமிடம், நடுநிலைப் பள்ளியில் 50. புதிதாக வருகிறவர்கள் இங்கே பொதுவாகச் செய்வது, நாற்பது படங்களைத் திரையில் ஓட்டிக்கொண்டே பேசுவது. பத்தாவது படத்தில் பிள்ளைகளின் கவனம் போய்விடும். அதைவிட மோசம், 35 பேர் உட்கார்ந்து ஓர் ஆளை வேடிக்கை பார்க்கும் ஏற்பாட்டை ஆசிரியரே அமைத்துக் கொடுத்ததாக ஆகிவிடும். அந்த ஏற்பாடு ஆண்டு முழுக்க மாறாது.

என் பரிந்துரை இது. ஏ3 தாளில் அச்சிட்ட ஆறு படங்கள், பேச்சு எட்டு நிமிடத்துக்குள். அடுத்துப் பன்னிரண்டு நிமிடம், மூன்று விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாடி வினா. நான்கு நான்கு பேராகக் குழுவாய் விடை எழுத வேண்டும். மீதி நேரம் முழுக்க அவர்களுடையது: ஒவ்வொருவரும் தன் பெயர், பிடித்த ஒன்று, பிடிக்காத ஒன்று சொல்லி மூன்று பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும், அந்த மூவரில் ஒருவர் நீங்கள். மணி அடிக்கும்போது பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தால் பாடம் சரியாக நடந்தது என்று பொருள். பத்து வகுப்புக்கும் இதே பாடம்தான் என்பதால் படங்களை லேமினேட் செய்துவிடுங்கள். மூன்றாம் நான்காம் வகுப்புக்கு ஆங்கிலம் ஆண்டுக்கு 35 பாடவேளை, ஐந்து ஆறுக்கு 70. கீழ் வகுப்புகளை வாரம் ஒருமுறைதான் சந்திப்பீர்கள், ஆகவே முதல் பதிவு கலைய மாதங்கள் ஆகும்.

கேள்விகள் எங்கும் ஒன்றுபோலவே வரும். வயது என்ன, கல்யாணம் ஆகிவிட்டதா, தினமும் கறிதானா, 19×19 வரை வாய்ப்பாடு சொல்வீர்களா. கடைசிக் கேள்வி வியப்பாக இருக்கும். இந்தியர் எல்லோரும் அதுவரை மனப்பாடம் செய்கிறார்கள் என்ற நம்பிக்கை அங்கே பரவலாக இருக்கிறது. எல்லாவற்றுக்கும் எளிய ஆங்கிலத்தில் ஒரு வரிப் பதில் தயாராக இருக்கட்டும். சொல்ல விரும்பாத கேள்விக்கு ‘ஹிமித்சு’, அதாவது ரகசியம், என்று சிரித்துச் சொன்னால் போதும். பிள்ளைகள் அதை மரியாதையாகவே ஏற்றுக்கொள்கிறார்கள். சின்ன வகுப்புகளில் தலைமுடியையும் கையையும் தொட வருவார்கள். பிடிக்கவில்லையென்றால் முதல் முறையே உள்ளங்கையை நீட்டி கைதட்டலுக்கு அழையுங்கள். தொடும் ஆசையும் தீரும், எல்லையும் புரியும். மூன்று வாரம் சிரித்துக்கொண்டே பொறுத்துவிட்டு நான்காம் வாரம் முகம் சுளித்தால் குழந்தைக்குத் தன் தவறு என்னவென்றே விளங்காது.

தோல் நிறத்தைப் பற்றிச் சொல்வதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஏழு வயதுப் பிள்ளை “கறுப்பு!” என்று உரக்கச் சொன்னால் அது பெரும்பாலும் கண்ணால் கண்டதைச் சொல்வது. “ஆமாம், கறுப்பு. உன் தலைமுடியும் கறுப்பு” என்று சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போய்விடலாம். பதின்மூன்று வயதில் நண்பர்களைச் சிரிக்க வைப்பதற்காகச் சொல்வது வேறு. அதற்கு வகுப்பிலேயே நீண்ட பதில் வேண்டாம். சொன்ன வார்த்தை, நாள், வகுப்பு மூன்றையும் குறித்து அன்று மாலைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். மாணவர் ஒழுங்குக்குப் பொறுப்பு அவருக்கே. அவர் கூப்பிட்டுப் பேசினால்தான் வீட்டுக்கும் செய்தி போகும். மனம் வலிக்கும், அதை மறைக்க வேண்டியதில்லை. வலித்தது என்றே அவரிடம் சொல்லுங்கள்.

ஆங்கில ஆசிரியர் என்றால் வெள்ளைத் தோல் என்று எதிர்பார்க்கும் பெற்றோரும் உண்டு. அதற்கு வாதம் பயன்படாது, தயாரிப்பு பயன்படும். பாடநூலின் ஒலிப்பதிவை முந்தின நாளே கேட்டு, ஒவ்வொரு சொல்லிலும் எந்த அசை அழுத்தம் பெறுகிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். நம் ஆங்கிலத்தில் கேட்பவருக்கு இடறுவது பெரும்பாலும் அந்த அழுத்தமும், டகர ணகரங்களில் நாக்கு மடிவதும்தான். உங்கள் உச்சரிப்பை மறைக்கச் சொல்லவில்லை. பிள்ளைகள் தேர்வில் கேட்கப்போகும் ஒலிப்பதிவுக்கும் உங்கள் வாசிப்புக்கும் இடைவெளி குறைந்தால் கூட வேலை செய்யும் ஆசிரியர் உங்களை நம்பத் தொடங்குவார்.

அந்த ஆசிரியர் பாடத்தைப் பற்றி உங்களிடம் பேசவே மாட்டேன் என்கிறாரா? அவமதிப்பு என்று முடிவுகட்டும் முன் ஒப்பந்தத்தைப் பாருங்கள். ‘க்யோமு இதாக்கு’ என்ற சேவை ஒப்பந்தத்தில் அனுப்பப்பட்டவருக்குப் பள்ளி ஆசிரியர் நேரடியாக உத்தரவிடுவது சட்டப்படி கூடாது. நிறுவனம் வழியாகவே சொல்ல வேண்டும். ஆளை நிறுவனம் அனுப்ப, வேலையைப் பள்ளியே சொல்லும் ‘ஹாக்கென்’ ஒப்பந்தமானாலோ கல்வி வாரியமே நேரடியாக அமர்த்தியிருந்தாலோ இந்தத் தடை இல்லை. ஒரு மூலையில் தனியாக நிற்பது போன்ற உணர்வுக்குப் பல நேரம் இந்தக் காகிதமே காரணம்.

மதிய உணவுதான் சைவர்களுக்குக் கடினம். வகுப்பறையிலேயே பிள்ளைகளோடு உட்கார்ந்து, எல்லோருக்கும் ஒரே தட்டு, மீதம் வைக்காமல் சாப்பிடுவதையும் பாடமாகவே கற்பிக்கிறார்கள். நீங்கள் ஒதுக்கி வைப்பது வகுப்பு முழுக்கத் தெரியும். ‘பெஜிடேரியன்’ என்று சொன்னால் இறைச்சியை மட்டும் விட்டுவிட்டு மீன் சாறு சேர்ந்த சூப்பைக் கொடுப்பார்கள். ஆகவே இறைச்சி, மீன், தாஷி எனும் அந்தச் சாறு, ஜெலட்டின், முட்டை என்று ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு எது ஆகும் எது ஆகாது என எழுதிக் கொடுங்கள். மாத உணவுப் பட்டியல் முன்கூட்டியே வரும். பள்ளி உணவை முழுதாக நிறுத்தி வீட்டு டப்பா கொண்டுவருவதானால் அடுத்த மாதத்துக்கான உணவுக் கணக்கு முடிவாவதற்குள் சொல்ல வேண்டும். காரணத்தை வகுப்பாசிரியர் ஒருமுறை பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டால் பிறகு யாரும் கேட்பதில்லை.

பள்ளிக்கு வெளியே குப்பை முக்கியம். தவறான நாளில் தவறான பை வைத்திருந்தால் தெருவின் சந்தேகம் முதலில் வெளிநாட்டவர் மேல்தான் விழும். நகராட்சி தரும் நாட்காட்டியைக் கதவில் ஒட்டி, குறிப்பிட்ட பையில், காலையில் சொன்ன நேரத்துக்குள் வைத்துவிடுங்கள். குடிவந்த வாரத்திலேயே இரு பக்கத்து வீடுகளுக்கும் மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் 500 முதல் 1,000 யென் வரையிலான துண்டோ இனிப்போ கொடுத்துப் பெயர் சொல்லிவிடுங்கள். கடையில் மாணவரும் பெற்றோரும் பார்ப்பார்கள். தலையசைத்து நகர்ந்தால் போதும். மாணவரோடு லைன் எனும் குறுஞ்செய்திச் செயலியின் கணக்கைப் பரிமாறுவதும், அவர்கள் முகம் தெரியும் படத்தை இணையத்தில் போடுவதும் வேண்டவே வேண்டாம்.

வீடு தேடும்போது ‘வெளிநாட்டவருக்கு இல்லை’ என்ற பதில் வரலாம். 2017இல் நீதி அமைச்சகம் வெளியிட்ட ஆய்வில், முந்தைய ஐந்தாண்டில் வீடு தேடியவர்களில் சுமார் 39 சதவீதம் பேர் வெளிநாட்டவர் என்பதால் மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள். யூ.ஆர். எனும் அரசு சார்ந்த வீட்டு நிறுவனத்தின் குடியிருப்புகளில் ஜாமீன்தாரரும் வேண்டாம், வீட்டுக்காரர் திருப்பித் தராத சாவிப்பணமும் வேண்டாம். ஆனால் வருமான நிபந்தனை உண்டு. வேலை தரும் இடமே வீட்டைப் பிடித்துத் தருமா என்று ஒப்பந்தத்துக்கு முன்பே கேளுங்கள். கடை, குளியலிடம் போன்றவற்றில் மறுத்தால் அது வழக்காகக்கூடிய விஷயம்: ஒதாரு நகர வெந்நீர்க் குளியலிட வழக்கில் 2002இல் சப்போரோ நீதிமன்றம், வழக்குத் தொடர்ந்த மூன்று பேருக்கும் தலா 10 லட்சம் யென் இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

குடியிருப்பு அட்டை எப்போதும் சட்டைப்பையில் இருக்க வேண்டும். குப்பை போட இறங்கினாலும்தான். கையில் இல்லாவிட்டால் 2 லட்சம் யென் வரை அபராதம். காவலர் கேட்டும் காட்ட மறுத்தால் ஓராண்டு வரை சிறைக்கும் இடமுண்டு. புது வீட்டுக்குப் போன 14 நாளுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். நிலையத்திலோ சைக்கிளில் போகும்போதோ நிறுத்துவார்கள். தோற்றத்தை வைத்தே இப்படி நிறுத்துவதாக மூன்று பேர் 2024 ஜனவரியில் டோக்கியோ நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார்கள். நிறுத்தினால் குரல் உயர்த்தாமல் காரணம் கேளுங்கள், அவருடைய அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள், உங்கள் அட்டையைக் கையில் பிடித்தபடி காட்டுங்கள், பள்ளியின் பெயரைச் சொல்லுங்கள். நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. அரசுப் பள்ளி ஆசிரியர்களை ஊர் ஊராக மாற்றுவார்கள். அந்த அறிவிப்பு மார்ச் இறுதியில் வரும். உங்கள் பெயரையும் சாப்பாட்டையும் தெரிந்துவைத்திருந்த துணைத் தலைமையாசிரியர், வகுப்பாசிரியர், கூட வேலை செய்த ஆங்கில ஆசிரியர் மூவரும் ஒரே நாளில் போய்விடலாம். ஏப்ரலில் வருகிறவர்களுக்கு நீங்கள் மறுபடி புது ஆள். அதற்காக மார்ச் மாதத்திலேயே ஒரு ஏ4 தாள் தயாரியுங்கள்: அழைக்க வேண்டிய பெயர் கதகானாவில், சாப்பிடாத பொருட்கள், பள்ளிக்கு வரும் நாட்கள், ஒப்பந்த வகை, எந்த வகுப்பு எந்தப் பாடத்தில் நிற்கிறது. ஜப்பானிய மொழி தெரிந்த ஒருவரிடம் திருத்தி வாங்கி, மூன்று படி எடுத்து, ஏப்ரல் முதல் நாள் அவரவர் மேசையில் வைத்துவிடுங்கள்.