பக்கத்து வீட்டு மூன்று வின்செஸ்டர்கள்

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் பாய்சி நகரில் இருக்கிறோம். பக்கத்து வீட்டுப் பெரியவர் காலமான பிறகு அவர் மனைவி வீட்டைக் காலி செய்து மகளோடு போய்விட முடிவு செய்தார். ஒரு இரும்பு அலமாரியில் வின்செஸ்டர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மூன்று கார்பைன்கள், அதாவது குட்டைக் குழல் துப்பாக்கிகள். "நீதான் பழைய காசெல்லாம் லென்ஸ் வைத்துப் பார்ப்பாயே, இதையும் பார்த்து என்ன பெறும் என்று சொல்லேன்" என்றார். எனக்கு நாணயங்கள்தான் தெரியும், துப்பாக்கி தெரியாது. ஆனால் முத்திரையைப் படிப்பதும், எது அசல் தேய்மானம், எது யாரோ துலக்கியது என்று பார்ப்பதும் இரண்டுக்கும் பொதுவான வேலைதான்.

நம்மவர்களுக்கு முதலில் ஒன்று. எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் இந்த நாட்டில் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே, வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, மத்திய சட்டப்படி குற்றம். எனக்கு கிரீன் கார்டு வந்துவிட்டது, பிரச்சினை இல்லை. உதவிக்கு வந்த நண்பனுக்கு இன்னும் எச்1பி. அவன் போட்டோ மட்டும் எடுத்தான், தொடவில்லை.

தொடுவதற்கு முன் காலியா என்று பார்க்க வேண்டும். இந்த வகையில் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே உள்ள நீளக் குழாயில் வரிசையாகப் படுத்திருக்கும். விசையைச் சுற்றியுள்ள லீவர் என்ற கைப்பிடியை முன்னே தள்ளினால் காலிக் கூடு வெளியே விழும், இழுத்தால் அடுத்த தோட்டா அறைக்குள் ஏறும். அறை காலியாக இருப்பதால் குழாயும் காலி என்று சொல்ல முடியாது. ஊரில் உள்ள ஒரு துப்பாக்கி மெக்கானிக் வீட்டுக்கு வந்து மூன்றையும் சோதித்துக் கொடுத்த பிறகுதான் மேசையில் வைத்தோம்.

மூன்றுமே 1894 மாடல் வகை. ஜான் பிரவுனிங் வடிவமைத்தது, கனெக்டிகட் மாநிலத்தில் நியூ ஹேவன் ஆலையில் செய்தது. 70 லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள், அதனால் 'வின்செஸ்டர்' என்ற பெயருக்காக மட்டும் யாரும் பணம் தர மாட்டார்கள். எந்த வருடம், எந்த கேலிபர் (தோட்டா அளவு), எவ்வளவு அசல் என்பதில்தான் விலை.

பெரியவரின் மனைவி, அந்தப் பாட்டியின் கணக்கில் அதிக மதிப்பு அட்டைப் பெட்டியோடு இருந்த பளபளப்பான ஒன்றுக்கு. பின்கட்டையில், பழைய அமெரிக்க மேற்கின் புகழ்பெற்ற காட்சிக்காரரான பஃபலோ பில்லின் பதக்கம் பதித்த 1968 நினைவுப் பதிப்பு. இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அந்தப் பதிப்பை லட்சத்துக்கு மேல் செய்தார்கள், வாங்கியவர்களில் நிறையப் பேர் பின்னால் விலை ஏறும் என்று பெட்டியிலேயே வைத்துவிட்டார்கள். எல்லாரும் பத்திரப்படுத்திய பொருள் எப்படி அரிதாகும்? லீவரை இயக்கினாலே உள்ளே கோடு விழும், அதையும் பார்ப்பார்கள் என்று மெக்கானிக் சொன்னார். இதில் கோடு இருந்தது.

இரண்டாவது, பெரியவர் மான் வேட்டைக்குக் கொண்டுபோனது. சீரியல் எண் 18 லட்சத்தை ஒட்டி இருந்தது. 15 லட்சமாவது துப்பாக்கி 1948-இல் ஜனாதிபதி ட்ரூமனுக்கும், 20 லட்சமாவது 1953-இல் ஐசன்ஹோவருக்கும் பரிசாகப் போனவை. ஆக இது நடுவில், 1951 வாக்கில் வரும். முன்கட்டையைக் கழற்றினால் குழலின் அடியில் வருடத்தின் கடைசி இரண்டு இலக்கம் இருக்கும். ஸ்க்ரூவின் பள்ளம் சிதைந்தால் விலை இறங்கும் என்பதால் அதற்கென்றே தேய்த்த முனையுள்ள திருப்புளியோடு மெக்கானிக்கே செய்தார். '51' என்று இருந்தது.

1964-இல் செலவைக் குறைக்க ஆலை செய்முறையை மாற்றியது. கடைந்து செய்த தோட்டா தூக்கிக்குப் பதில் தகட்டை அழுத்திச் செய்தது வந்தது, கெட்டியான பின்களுக்குப் பதில் சுருட்டிய பின்கள் வந்தன. அதனால் சேகரிப்பவர்களுக்கு '64-க்கு முன்' என்பது பெரிய எல்லைக்கோடு. இந்த 1951 துப்பாக்கியின் ரிசீவர் (இயங்கும் பாகங்கள் அடங்கிய நடு உடல்) அடியில், ஒரு கையால் தூக்கிப் பிடிக்கும் இடத்தில் மட்டும், கருநீலப் பூச்சு தேய்ந்து வெறும் இரும்பு தெரிந்தது. மற்ற இடமெல்லாம் பூச்சு நிறைவு, எழுத்துகளின் விளிம்பு கூர்மை. அடி தேய்ந்து மேலே கூர்மையாக இருந்தால் நல்ல அறிகுறி. திரும்பப் பூச்சு ஏற்றியதில் எழுத்து மழுங்கி, ஸ்க்ரூ துளைகளின் ஓரம் குழிந்திருக்கும். பேரன் மூன்றையும் ஸ்டீல் வூல் போட்டுத் தேய்த்துப் புதுப் பூச்சு கொடுக்கலாம் என்று தயாராக நின்றான். நல்லவேளை, பாட்டி என்னைக் கூப்பிட்ட பிறகு அதை நிறுத்தி வைத்தான்.

மூன்றாவதில்தான் அதிக நேரம் போனது. இடது பக்கம் சேணத்தில் மாட்டும் வளையம், ரிசீவருக்குப் பின்னால் நீளும் மேல் வாலில் 1894 மாடல் என்ற எழுத்து, நிறம் போய் பழுப்பேறிய ரிசீவர். பாட்டியின் தாத்தா 1918-இல் வாஷிங்டன் மாநிலக் காடுகளில் காவல் நின்றவர், அரசாங்கம் அவருக்குக் கொடுத்தது இது என்று குடும்பத்தில் சொல்வார்கள். கதைக்கு ஆதாரமான வரலாறு உண்மையே. முதல் உலகப் போரில் விமானங்களுக்கு ஸ்ப்ரூஸ் மரம் தேவைப்பட்டது, மரம் வெட்டும் முகாம்களில் தொழிலாளர் போராட்டம். காவலுக்கு ராணுவம் சுமார் 1,800 கார்பைன்கள் வாங்கியது. அவற்றின் மேல் எரியும் குண்டு முத்திரையும் 'யு.எஸ்.' எழுத்தும் இருக்கும், விலையும் பல மடங்கு. பொய் முத்திரை அடிப்பவர்களும் உண்டு.

இதில் அந்த முத்திரை இல்லை. ரிசீவரின் முன் அடியில் இருந்த சீரியல் எண் 3,10,000-ஐத் தாண்டியது. ராணுவம் வாங்கியவை 8,35,000-க்கும் 8,53,000-க்கும் இடைப்பட்டவை. தாத்தா அந்தக் காட்டில் நின்றிருக்கலாம், இந்தக் கார்பைன் அவரோடு இருந்திருக்கவும் கூடும். ஆனால் அரசாங்கம் கொடுத்தது இல்லை. பாட்டி "என் அம்மா இதை எத்தனை தடவை சொன்னாள் தெரியுமா" என்று சொல்லிக் கொஞ்சம் சிரித்தார்.

அப்புறம் லென்ஸில் குழலின் பின்பகுதியைப் பார்த்தபோது நீள்வட்டத்துக்குள் ஒரே ஒரு 'பி'. ரிசீவரில் எதுவும் இல்லை. வின்செஸ்டர் 1905 ஜூலையில்தான் நீள்வட்டத்துக்குள் 'டபிள்யூ.பி.' என்ற, சுட்டுச் சோதித்ததைக் காட்டும் முத்திரையைத் தொடங்கியது. அதற்கு முந்தைய துப்பாக்கிகளில் எதுவும் இருக்காது. அதற்குப் பிந்தையவற்றில் குழலிலும் ரிசீவரிலும் இரண்டிலும் இருக்கும். தனியாக 'பி' மட்டும் இருந்தால் அது தபாலில் விற்ற உதிரிக் குழல், வெளியே யாரோ பொருத்தியது என்று மெக்கானிக் சொன்னார். குழலில் '30 டபிள்யூ.சி.எஃப்.' என்று இருந்தது, அதாவது இன்று 30-30 என்று சொல்லும் தோட்டா அளவு.

சரி, ஆலையிலிருந்து இது எப்படிப் போனது? வயோமிங் மாநிலத்தில் கோடி (Cody) என்ற ஊரின் துப்பாக்கி அருங்காட்சியகத்தில் வின்செஸ்டரின் பழைய கணக்குப் புத்தகங்கள் இருக்கின்றன. இந்த மாடலுக்கு 1 முதல் 3,53,999 வரையிலான எண்களுக்குக் கட்டணம் கட்டினால் பதிவுக் கடிதம் தருவார்கள். 1951 துப்பாக்கிக்குக் கிடைக்காது. மூன்றாவதான பழைய கார்பைனின் எண்ணை எழுதிப் பணம் அனுப்பினோம்.

கடிதம் வந்தது. கார்பைன், கேலிபர் 38-55, கிடங்குக்கு வந்த தேதி, அனுப்பிய தேதி, ஆர்டர் எண். வாங்கியவர் பெயர் இருக்கவில்லை, பொதுவாக இருப்பதும் இல்லை. 38-55-ல் வந்த கார்பைன்கள் 30-30 அளவுக்கு மலிந்தவை இல்லை. அசல் குழலோடு இருந்திருந்தால் மூன்றில் இதுதான் முதலிடம். 30-30 தோட்டாவே 38-55 கூட்டின் வாயைச் சுருக்கி வந்தது, அடிவிளிம்பு ஒரே அளவு. அதனால் குழலை மட்டும் மாற்றிக்கொள்வது சிரமமில்லை. புதிய புகையில்லா மருந்துத் தோட்டா ஊரெங்கும் கிடைக்கத் தொடங்கிய பிறகு எந்தப் பண்ணைக்காரருக்கும் அது சரியான முடிவாகத்தான் பட்டிருக்கும். நூறு வருடம் கழித்து ஏலத்துக்குப் போகும் என்று யார் நினைத்தார்?

விலை கேட்க இரண்டு இடம் போனோம். ஒரு அடகுக் கடையில் மூன்றுக்கும் சேர்த்து ஒரு தொகை சொன்னார்கள், பழையதை வெறும் வேட்டைத் துப்பாக்கி என்றார்கள், குழல் மாறியதை அவர்கள் கவனிக்கவும் இல்லை. வின்செஸ்டர் மட்டும் வாங்கி விற்கும் ஒரு வியாபாரி தனித்தனியாக எழுதிக் கொடுத்தார். 1951-க்கு 1,100 டாலர், பஃபலோ பில் பெட்டியோடு 750, பழையதற்கு 900. அசல் குழல் என்றால் பழையதற்கு மூவாயிரத்துக்கு மேல் சொல்லியிருப்பேன் என்றார். இணையத்தில் கேட்கும் விலையைப் பார்க்காதே, விற்று முடிந்த விலையைப் பார் என்று அவர் சொன்னதைச் சரிபார்த்தோம். மூன்று எண்களும் நியாயமாகவே இருந்தன.

சட்டத்தில் ஒரு நுணுக்கம்: 1898 வரை செய்தவை மத்திய சட்டப்படி தொல்பொருள், துப்பாக்கிக்கான பெரும்பாலான விதிகள் பொருந்தாது. 1904 வாக்கில் பிறந்த பழைய கார்பைனும் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது, ஆக மூன்றுக்குமே துப்பாக்கி விதிகள் பொருந்தும். விற்க முடிவான பஃபலோ பில்லும் 1951-ம் உரிமம் பெற்ற அந்த வியாபாரியிடமே கைமாறின, அவர் பதிவேட்டில் இரண்டின் எண்களும் ஏறின.

பழையதை பாட்டி விற்கவில்லை, பேரனுக்குக் கொடுத்தார். கடிதத்தின் நகலையும் குழல் முத்திரையின் போட்டோவையும் ஒரு உறையில் போட்டு, "விற்றால் வாங்குபவரிடம் இதைக் காட்டு" என்று மேலே எழுதிக் கொடுத்தேன். ஸ்டீல் வூலை நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.