ஒரு டேட்டா ஷீட்டில் நான்கு யூனிட்: நெட் லைஃப் சயின்ஸுக்கு பிடி-1 வழியே படித்த அனுபவம்

சிஎஸ்ஐஆர் நெட் லைஃப் சயின்ஸ் (ஆய்வு உதவித்தொகைக்கும் உதவிப் பேராசிரியர் தகுதிக்குமான தேர்வு) எழுதப் போகும் தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "பார்ட் சி-க்கு எந்த கைடு வாங்கலாம்?" என்பதுதான். கைடு இருக்கட்டும். முதலில் ஒரு மறுசேர்க்கைப் புரதத்தின் (மரபணுவை வேறு செல்லில் செலுத்திச் செய்த புரதம்) டேட்டா ஷீட்டை, அதாவது விவரத் தாளை, எடுத்து, ஒவ்வொரு வரியையும் "ஏன்?" என்று கேட்டுப் படியுங்கள். ஆய்வகங்களுக்குப் புரதம் விற்கிற நிறுவனங்கள் இதை இலவசமாகவே தருகின்றன, ஓரிரு பக்கம்தான் இருக்கும்.

நான் எடுத்துக்கொண்டது மனித பிடி-1. நோய் எதிர்ப்பு வேலை செய்கிற டி செல்லின் மேற்பரப்பில் இருந்து அதன் வேகத்தைக் குறைக்கிற ஏற்பி. 1992-இல் கியோட்டோவில் தசுகு ஹோன்ஜோவின் ஆய்வகத்தில் கண்டறியப்பட்டது. 2018-இல் ஜேம்ஸ் ஆலிசனோடு அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்த ஒரு மூலக்கூறைப் பிடித்தால் செல் சமிக்ஞை, நோய் எதிர்ப்பியல், புரத அமைப்பு, ஆய்வு முறைகள் என நான்கும் கூடவே வந்துவிடும்.

டேட்டா ஷீட்டின் முதல் வரியிலேயே "லியூசின் 25 முதல் குளூட்டமின் 167 வரை" என்று இருக்கும். பலர் கண்ணை ஓட்டிவிட்டுப் போகிற இடம் இது. இங்கேதான் உட்கார வேண்டும். முழுப் புரதத்தில் 288 அமினோ அமிலங்கள். முதல் 24 சிக்னல் பெப்டைடு, அதாவது புரதத்தைச் சுரப்புப் பாதைக்கு அனுப்பும் முகவரி; அதைச் செல்லே வெட்டி எறிந்துவிடும். 171 முதல் 191 வரை சவ்வுக்குள் புதைந்த பகுதி. அந்த நீர்விலக்குப் பகுதியைச் சேர்த்து எடுத்தால் டிடர்ஜென்ட் இல்லாமல் கரைசலில் நிற்காது, திரண்டுவிடும். ஆகவே செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பகுதியை மட்டும் கரையும் புரதமாகச் சுரக்க வைக்கிறார்கள்.

உடனே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 167-லிருந்து 25-ஐக் கழித்தால் 142, ஆனால் இரு முனைகளையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பதால் 143. ஓர் அமினோ அமிலத்துக்குச் சராசரி 110 டால்டன் என்றால் கிட்டத்தட்ட 15.7 கிலோடால்டன். ஹிஸ் டேக் (பிரித்தெடுக்க உதவும் ஹிஸ்டிடின் வால்) சேர்த்தாலும் 17-ஐத் தாண்டாது. ஆனால் புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கிற எஸ்டிஎஸ் பேஜ் ஜெல் படத்தில் பட்டை 30-ஐ ஒட்டியோ அதற்கும் மேலேயோ, அதுவும் பரவலாக நிற்கும். ஒரு பிஎச்டி நேர்காணலில் என்னிடம் கேட்டதும் இதையேதான்.

"கணக்கு ஒன்று சொல்கிறது, ஜெல் வேறு சொல்கிறதே. புரதம் சரியில்லையா?"

"இல்லை மேடம், ஹெக் 293 என்ற மனித செல்லில் செய்தது. 49, 58, 74, 116 ஆகிய நான்கு ஆஸ்பராஜின்களில் சர்க்கரைச் சங்கிலி ஏறியிருக்கும்."

"எப்படி நிரூபிப்பீர்கள்?"

"சர்க்கரையை வெட்டும் பிஎன்கேஸ் எஃப் நொதியைப் போட்டு மறுபடி ஓட்டினால் பட்டை கீழே இறங்கும், கூர்மையாகவும் ஆகும்."

இந்த இரண்டாவது பதில்தான் முக்கியம். காரணம் சொன்னால் மட்டும் போதாது, அதைச் சோதிக்கும் வழியையும் தயாராக வைத்திருங்கள். பார்ட் சி கேள்விகள் பெரும்பாலும் இந்தப் பாணிதான்: ஒரு சோதனையை விவரித்து, என்ன நடக்கும் என்று கேட்பார்கள்.

இதிலேயே ஒரு பொறி உண்டு. "சர்க்கரை இல்லாவிட்டால் பிடி-எல்1 ஒட்டவே ஒட்டாது" என்று ஒரு வாக்கியம் வந்தால் சரி என்று குறித்துவிடாதீர்கள் (பிடி-எல்1 என்பது பிடி-1-இல் வந்து ஒட்டுகிற புரதம்). இந்தச் சர்க்கரை ஏறாத ஈ.கோலை பாக்டீரியாவில் செய்து, இன்க்ளூஷன் பாடி என்ற திரண்ட புரதக் கட்டியிலிருந்து பிரித்து மறுபடி மடிக்கப்பட்ட பிடி-1-ஐ வைத்தே பிடி-எல்1-உடனான படிக அமைப்பை 2015-இல் தீர்த்திருக்கிறார்கள். பாக்டீரியாவில் செய்வதன் சிரமம் வேறு: சைட்டோபிளாசத்தில் டைசல்ஃபைடு இணைப்பு எளிதில் உருவாகாது, மறுமடிப்பு வேலை மிச்சம் இருக்கும், பாக்டீரியாச் சுவரின் நச்சான எண்டோடாக்சினும் கூடவே வரும். டி செல் வளர்ப்பில் மோனோசைட்டுகளோ டென்ட்ரிடிக் செல்களோ கலந்திருந்தால் அந்த எண்டோடாக்சின் டிஎல்ஆர்4 ஏற்பி வழியே அவற்றைத் தூண்டிவிடும். நீங்கள் பார்க்கிற விளைவு ஏற்பியுடையதா, அசுத்தத்துடையதா என்று பிரிக்கவே முடியாது. டேட்டா ஷீட்டில் எல்ஏஎல் முறையில் அளந்த எண்டோடாக்சின் அளவு ஏன் தனி வரியாக வருகிறது என்பது இப்போது விளங்கும்.

அடுத்தது எஃப்சி டேக். நான் அதிக நேரம் செலவிட்ட இடமும், அதிகம் பயன் தந்த இடமும் இதுதான். பிடி-1 இயல்பில் ஒற்றை மூலக்கூறு. ஐஜிஜி ஆன்டிபாடியின் தண்டான எஃப்சி பகுதியை வாலில் ஒட்டினால், ஹிஞ்ச் டைசல்ஃபைடு வழியே இரட்டையாகிவிடும். எனவே டைசல்ஃபைடை உடைக்கிற பீட்டா மெர்காப்டோ எத்தனால் போட்ட ஜெல்லில் ஒரு எடை, போடாத ஜெல்லில் ஏறக்குறைய இரு மடங்கு. அதைவிடப் பெரிய விளைவு பிணைப்பில் தெரியும். ஒற்றைப் பிடி-1, பிடி-எல்1-ஐப் பிடிக்கும் வலிமை எஸ்பிஆர் என்ற பிணைப்பு அளவீட்டில் கேடி (எண் குறையக் குறைய பிடி இறுகும்) சுமார் 8 மைக்ரோமோலார். பலவீனமான பிடிதான். எஃப்சி இரட்டையை, நிறைய பிடி-எல்1 பூசிய தட்டில் போட்டால் நானோமோலார் அளவிலேயே சமிக்ஞை வரும். ஒரு கை நழுவினாலும் மறு கை பற்றியிருப்பதால் வருகிற அவிடிட்டி இது. ஒவ்வொரு கையின் அஃபினிட்டியும், அதாவது தனிப் பிடியின் வலிமையும், மாறவில்லை. இரண்டையும் குழப்பும் விடைகள் பட்டியலில் கட்டாயம் இருக்கும் என்று நினைத்தே படியுங்கள். எஃப்சி செல்லின் எஃப்சி ஏற்பிகளிலும் ஒட்டும் என்பதால், ஏற்பிப் பகுதி இல்லாத வெறும் எஃப்சி-யைக் கன்ட்ரோலாக வைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

சமிக்ஞை யூனிட்டுக்கு ஒரே கேள்வி போதும். டி செல்லும் பிடி-எல்1 உள்ள கட்டிச் செல்லும் இருக்கிற வளர்ப்பில் கரையும் பிடி-1 எஃப்சி சேர்த்தால் டி செல் அடங்குமா, முடுக்கம் பெறுமா? "பிடி-1 தடுக்கும் ஏற்பி, ஆகவே அடங்கும்" என்பது அவசர விடை. தடுப்புச் சமிக்ஞை கிளம்புவது சைட்டோபிளாச வாலில் உள்ள ஐடிஐஎம், ஐடிஎஸ்எம் என்ற பகுதிகளின் டைரோசின்களில் எஸ்எச்பி-2 நொதி வந்து அமரும்போது. 167-இல் முடிகிற நம் புரதத்துக்கு அந்த வாலே கிடையாது. அது பிடி-எல்1-ஐ மறைத்துவிட்டு நிற்கும், டி செல்லின் செயல்பாடு கூடும். மாறாக, டி செல்லைத் தூண்டும் ஆன்டி சிடி3-உடன் பிடி-எல்1 எஃப்சி-யைத் தட்டில் பூசினால் டி செல்லின் சொந்தப் பிடி-1 வேலை செய்து அடக்கிவிடும். முதல் வரியில் பார்த்த 25, 167 என்ற எண்களே இதற்கும் விடை.

கரைப்பது, சேமிப்பது பற்றிய பகுதி சின்னதுதான். 100 மைக்ரோகிராம் உறை உலர் பொடியை ஒரு மில்லிக்கு 0.2 மில்லிகிராம் ஆக்க 500 மைக்ரோலிட்டர் வேண்டும் என்பது போன்ற கணக்குகளைக் கை தானாகப் போட வேண்டும். பிஎஸ்ஏ (காப்புக்காகச் சேர்க்கிற மாட்டு ஆல்புமின்) சேர்த்த புரதத்தையும் டிரிஸ் பஃபரில் உள்ள புரதத்தையும் அமீனில் ஒட்டுகிற பயோட்டின் என்எச்எஸ்-உடன் இணைக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். இரண்டிலும் இருக்கிற அமீன்கள் வினைப்பொருளைத் தின்றுவிடும்.

பிடி-1 கைவந்ததும் டி செல்லின் இன்னொரு தடுப்பு ஏற்பியான சிடிஎல்ஏ-4 எடுங்கள். அது இயல்பிலேயே டைசல்ஃபைடு இரட்டை, ஆகவே எஃப்சி கேள்விகளின் விடை அங்கே மாறும். பிறகு கொரோனா வைரஸ் ஒட்டுகிற ஏசிஇ2: 805 அமினோ அமிலங்கள், விற்பனைக்கு வருவது பெரும்பாலும் 18 முதல் 740 வரை. அது நொதியும்கூட என்பதால் பிணைப்பு அளவீட்டோடு வினையூக்கத் திறனையும் தந்திருப்பார்கள். அங்கே நொதி வேகத்தை அளக்கிற கேஎம், கேகேட் பக்கம் திறந்துகொள்ளும்.