அப்பப்பாவின் கொப்பியும் நான்கு தரம் வந்த பக்கங்களும்

அப்பப்பா கோண்டாவில் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் செய்தவர். 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் யாழ்ப்பாணத்து வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை கிடைத்தது. அந்த ஆண்டுகளின் கணக்கெல்லாம் அவருடைய கொப்பிகளில் இருக்கிறது: எத்தனை அந்தர் விற்றது, இறைப்புக் கூலி எவ்வளவு, எந்த நாள் மழை பெய்தது. தாள் பொடியத் தொடங்கிவிட்டதால் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து வருகிறேன். ஸ்கேனர் படங்களை ஒரு கோப்புறையில் போடும். பைதானில் நான் எழுதிய சிறு நிரல் அந்தக் கோப்புறையைக் கவனித்திருந்து, வரும் ஒவ்வொரு படத்துக்கும் அடுத்த பக்க எண்ணைக் கொடுத்து, கொப்பிக்குரிய பிடிஎஃப்பில் சேர்க்க வேண்டும்.

முதல் கொப்பியில் 96 பக்கம். பிடிஎஃப்பிலோ 400 பக்கத்தைத் தாண்டிவிட்டது. திறந்து பார்த்த அப்பா, "தம்பி, மூன்றாம் பக்கம் நாலு தரம் வந்திருக்கிறது. முதல் இரண்டிலும் கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறம்" என்றார். எனக்கு முதலில் "நாலு தரம்" என்பது மட்டுமே காதில் விழுந்தது. சாம்பல் நிறத்தை நான் கவனித்திருக்க வேண்டும்.

படம் ஒருமுறை சேமிக்கப்பட்டது என்று நாம் நினைப்பது, இயங்குதளத்துக்குப் பல செயல்கள். என் கணினியின் இயங்குதளமான லினக்ஸின் கருவில் 2005 முதல் இருக்கும், கோப்புகளின் மாற்றங்களைச் சொல்லும் ஐநோட்டிஃபை என்னும் வசதி, கோப்பு உருவானபோது ஓர் அறிவிப்புத் தருகிறது, பிறகு எழுதப்படும் ஒவ்வொரு துண்டுக்கும் 'மாறியது' என்கிறது, மூடப்படும்போது இன்னொன்று. அடுத்தடுத்து வரும் ஒரே மாதிரியான அறிவிப்புகளை, முந்தியதை நாம் இன்னும் வாசிக்காமல் இருந்தால், அதுவே ஒன்றாக்கியும் விடுகிறது. ஒரு பக்கத்துக்கு நான்கும் அடுத்த பக்கத்துக்கு ஏழும் வந்ததன் காரணம் அதுதான். எண்ணிக்கையை நம்பி எதையும் எழுத முடியாது.

முதல் முயற்சியில், ஒரு கோப்பைக் கையாண்டபின் இரண்டு வினாடிக்குள் அதே பெயர் மறுபடி வந்தால் விட்டுவிடச் சொன்னேன். இரட்டிப்புகள் பெரும்பாலும் போய்விட்டன. பக்கங்களோ முழுவதும் பாழ். முதல் அறிவிப்பு வரும்போது படம் பாதிதான் எழுதப்பட்டிருக்கும். அந்தப் பாதியை எடுத்துக்கொண்டு, முழுப்படம் ஆனதைச் சொல்ல வந்த அறிவிப்பை நான் தூக்கி எறிந்துகொண்டிருந்தேன். குறைபட்ட படத்தையும் ஏற்கும்படி முன்பே அமைத்து வைத்திருந்ததால் பிழைச் செய்தியும் வரவில்லை. முந்தி வந்ததை விட்டுப் பிந்தி வந்ததை எடுக்க வேண்டும் என்பது விளங்க இரண்டு வாரம் ஆயிற்று.

அதனால் கணக்கைத் திருப்பினேன். அறிவிப்பு வந்ததும் எதுவும் செய்யாமல் ஒரு கடிகாரத்தைத் தொடக்குவது, இன்னொன்று வந்தால் கடிகாரத்தை மறுபடி பூச்சியத்துக்குக் கொண்டுபோவது, ஒன்றரை வினாடி அமைதி நிலவினால்தான் வேலையைத் தொடங்குவது. ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்தபோது அருமையாக ஓடியது. ஏற்கெனவே எடுத்திருந்த 40 படங்களை ஒன்றாகக் கொண்டுவந்து போட்டபோது கடைசிப் படம் மட்டும் சேர்ந்தது. கோப்புறை முழுவதற்கும் ஒரே கடிகாரம் வைத்த தவறு அது. இப்போது கோப்புக்கு ஒன்றாக, பெயரைத் திறவுகோலாகக் கொண்ட அட்டவணையில் கடிகாரங்கள் இருக்கின்றன.

'எழுதி மூடப்பட்டது' என்னும் அறிவிப்பை மட்டும் கேட்டால் காத்திருக்கவே தேவையில்லை என்று நினைத்திருந்தேன். ஸ்கேனர் மென்பொருள் படத்தை மூடியபின் திகதி விவரம் சேர்க்க மறுபடி திறந்து மூடுகிறது. ஆகவே அந்த அறிவிப்பையும் கேட்கிறேன், கடிகாரத்தையும் வைத்திருக்கிறேன்.

இன்னொரு இரவு நிரல் நிற்காமல் ஓடியது. பிடிஎஃப்பை அதே கோப்புறையில் எழுதியதால் தன் எழுத்தையே புதுவரவாக எடுத்துக்கொண்டது. வெளியீட்டுக்குத் தனிக் கோப்புறை வைத்தவுடன் தீர்ந்தது.

மச்சானின் விண்டோஸ் கணினியில் நிலைமை வேறு. அங்கே மைக்ரோசாஃப்டின் நிரலாக்கத் தளமான டாட்நெட்டின் கோப்புக் கவனிப்பான் 'மூடப்பட்டது' என்று சொல்வதே இல்லை. அமைதியான பிறகு, வேறு எவரும் தொடாதபடி கோப்பைத் திறக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். அறிவிப்புகள் தங்கும் இடமும் இயல்பாக 8192 பைட்தான். ஒவ்வொன்றுக்கும் 16 பைட்டும், பெயரின் ஓர் எழுத்துக்குறிக்கு இரண்டு பைட்டும் போகின்றன. 'வெங்காயம்' என்பது நம் கண்ணுக்கு ஐந்தெழுத்து. கொம்பு, புள்ளி, அரவு எல்லாம் தனித்தனிக் குறிகளாவதால் கணினிக்கு ஒன்பது. தமிழில் நீளமாகப் பெயர் வைப்பவன் நான். அதை விட மனமில்லை. மச்சானை அந்த இடத்தை 64 கிலோபைட்டாகக் கூட்டச் சொன்னேன்.

போன கிழமை மின்வெட்டில் எல்லாம் நின்றது. நிரல் ஓடாத நேரத்தில் வந்த கோப்புக்கு அறிவிப்பே கிடையாது. இப்போது தொடங்கும்போதே கோப்புறை முழுவதையும் ஒருமுறை பார்க்கிறது. சேர்த்த படங்களின் ஷா-256 கைரேகைகளை, அதாவது படத்தின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளக் குறிகளை, குறித்து வைப்பதால், அறிவிப்பு எத்தனை முறை வந்தாலும் அதே படம் இரண்டாம் முறை சேராது. அப்பப்பா எழுதாமல் விட்ட வெற்றுப் பக்கங்களுக்கும் ஆபத்தில்லை: தாளின் கறையும் ஸ்கேனரின் இரைச்சலும் ஒவ்வொன்றிலும் வேறு.

நேற்று இரண்டாம் கொப்பி முடிந்தது. 112 பக்கம், பிடிஎஃப்பிலும் 112. அப்பா கையால் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டு, மூன்றாம் கொப்பியை எடுத்துவந்து மேசையில் வைத்தார்.