கருகிய துண்டும் காலாவதியான லைசென்ஸும்

‘அப்போலோ 11 ஃபாயில்’, அதாவது மனிதர் முதன்முதலில் நிலாவில் இறங்கிய பயணத்தில் கலத்தின்மேல் போர்த்திய மெல்லிய தகடு, என்று போட்டிருந்ததை நம்பி, சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லாத பொன்னிறத் துணுக்கு ஒன்றை 90 டாலருக்கு வாங்கினேன். அட்டையில் ஒட்டி, கீழே சான்றிதழ் மாதிரி ஒரு சீட்டு, மூலையில் பளபளவென்று முத்திரை. இங்கே ஹூஸ்டனில் நாற்பது வருஷமாக விண்வெளிப் பொருள் சேர்க்கும் அமெரிக்கப் பெரியவர் ஒருவரை எனக்குத் தெரியும். பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் துணுக்கைப் பார்க்கவே இல்லை. சீட்டைப் படித்து, ஒரு சொல்லின்மேல் விரலை வைத்தார். ‘அப்போலோ 11இல் பயன்படுத்திய வகை ஃபாயில்.’ வகையாம்! அது தொழிற்சாலையைத் தாண்டியே போயிருக்காது.

விற்ற கடைக்குப் போன் போட்டேன். 40 நிமிஷம் பாட்டு. கடைசியில் எடுத்த பையன், “சீட்டில் எழுதியிருப்பதைத்தானே சார் அனுப்பியிருக்கிறோம்” என்றான். அவன் சொன்னதில் பொய்யே இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். உறையைப் பிரித்துவிட்டால் திருப்பி எடுக்கமாட்டார்களாம்.

இதில் பார்க்கவேண்டிய சொல் ‘ஃப்ளோன்’. பறந்துவிட்டு வந்தது என்று எழுத்தில் இருக்கவேண்டும், எந்தப் பயணம் என்றும் இருக்கவேண்டும். ‘ஈகிள்’ நிலாவில் இறங்கியபோது அதன்மேல் இருந்த ஃபாயில் என்று யாராவது நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். ஈகிளின் அடிப்பாகம் இன்னும் நிலாவில்தான் நிற்கிறது. மேல்பாகத்தையும் நிலாவைச் சுற்றும் பாதையிலேயே கழற்றி விட்டுவிட்டு வந்தார்கள். பூமிக்குத் திரும்பிய கலம் ‘கொலம்பியா’ மட்டும்தான். ஆர்ம்ஸ்ட்ராங் கையெழுத்து என்றால் இன்னும் உஷார். ஆட்டோபென் இயந்திரம் போட்ட கையெழுத்துகள் ஏராளம், ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் இம்மி பிசகாது. வீரர்களுக்கு ராபின்ஸ் என்ற நிறுவனம் வெள்ளியில் செய்துகொடுத்த ராபின்ஸ் பதக்கம் நம்பிக்கையான பொருள்தான், வரிசை எண்ணோடு வரும். அப்போலோ 11இல் போனவை 450. விலையைக் கேட்டதும் அந்தப் பக்கத்தையே மூடிவிட்டேன்.

பெரியவர்தான் வேறு வழி காட்டினார். டாலஸ் பக்கம் ஒரு அம்மா. அவருடைய அப்பா கலிஃபோர்னியாவில் டவ்னியிலிருந்த அப்போலோ தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அப்பாவுக்கு நினைவுப்பரிசாகக் கிடைத்த அப்போலோ 8 வெப்பக்கவசத் துண்டை அந்த அம்மா விற்க நினைக்கிறார். விலை போனிலேயே படிந்தது. “பணம் கொடுப்பதற்கு முன் ரெண்டு காகிதம் வாங்கு. அப்பாவுக்கு வந்த கடிதம், மகள் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்ட வாக்குமூலம். ரெண்டில் ஒன்று இல்லையென்றாலும் அது வெறும் கரித்துண்டு” என்றார் பெரியவர்.

சனிக்கிழமை காலையில் கிளம்பி 240 மைல் ஓட்டினேன். கடிதம் இருந்தது. பயணத்தின் பெயர், 1969ஆம் ஆண்டுத் தேதி, அப்பாவின் பெயர் எல்லாம் டைப் அடித்து. வங்கிக்குப் போனோம். கணக்கு வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் நோட்டரி, அந்த அம்மாவுக்கு அங்கே கணக்கில்லை. பார்சல் கடையில் ஒரு நோட்டரி உண்டென்றார்கள். அங்கே அரைமணி நேரம் காத்திருந்தோம். நோட்டரி அந்த அம்மாவின் லைசென்ஸை வாங்கித் திருப்பிப் பார்த்து, “இது போன மாதமே காலாவதி” என்று மேசைமேல் தள்ளினார். பாஸ்போர்ட்? எடுத்ததே இல்லையாம். அந்த அம்மா பாவம், மன்னிப்புக் கேட்டபடியே இருந்தார். “கடிதத்தையும் துண்டையும் எடுத்துப் போங்கள், வாக்குமூலத்தைத் தபாலில் அனுப்புகிறேன்” என்றார். சபலம்தான். வெறுங்கையோடு திரும்பினேன்.

புது லைசென்ஸ் வர மூன்று வாரம். மறுபடி 240 மைல். இந்தத் தடவை முன்கூட்டியே நோட்டரிக்குப் போன் செய்து, என்னென்ன வேண்டும் என்று ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டுக்கொண்டேன். அடையாள அட்டை செல்லுபடியாக இருக்கவேண்டும், நோட்டரி கண்முன்னால் கையெழுத்துப் போடவேண்டும், வீட்டிலேயே போட்டுக்கொண்டு வரக்கூடாது. அந்த அம்மாவின் பெயரில் கணவர் வீட்டுப் பெயர் இருந்ததால், ‘இன்னாரின் மகள்’ என்று வாக்குமூலத்திலேயே ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் முடிந்தது.

துண்டு தீப்பெட்டியில் அடங்கிவிடும். மேல்பரப்பு அடுப்புக்கரி மாதிரி கன்னங்கரேல். பக்கவாட்டில் பார்த்தால் கறுப்பு கீழே போகப்போக வெளுத்துப் பழுப்பாகிறது, தேன்கூட்டு அறைகள் தெரிகின்றன. அந்த அறை ஒவ்வொன்றிலும் ஆட்கள் கையால் பிசின் அடைத்தார்கள். 1968 டிசம்பர் 27 அன்று அப்போலோ 8 வீரர்கள் போர்மனும் லவலும் ஆண்டர்ஸும் நிலாவைச் சுற்றிவிட்டு விநாடிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுக்குள் நுழைந்தபோது வெந்த பக்கம் இது. முழுக்கப் பழுப்பாக, கரியே இல்லாத துண்டு கிடைத்தால் வாங்காதீர்கள், சோதனைக்குச் செய்ததாக இருக்கலாம்.

பெரியவர் இந்தத் தடவையும் முதலில் காகிதங்களைத்தான் படித்தார். அப்புறம் பூதக்கண்ணாடியை எடுத்தார். வெகுநேரம் கழித்து, “எனக்குக் கொடுக்கிறாயா?” என்றார். மாட்டேன் என்றேன். கடிதத்தை லேமினேட் செய்யப்போகிறேன் என்றபோது மட்டும் கத்திவிட்டார். பிளாஸ்டிக் சூடுபட்டால் பழைய காகிதம் போச்சு, அமிலமில்லாத உறையில் போட்டு, துண்டோடு சேர்க்காமல் தனியாக வை என்றார். வைத்திருக்கிறேன்.

90 டாலர் ஃபாயிலும் மேசை டிராயரில்தான் கிடக்கிறது. அந்தக் கடைக்காரர்களிடமிருந்து நேற்று மின்னஞ்சல்: வாங்கிய பொருள் எப்படி, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள்?