வேலை இருக்கிறது, சம்பளம்?

இந்தியாவில் வேலையின்மை 3.2 சதவீதம்தான் என்கிறது 2023-24 தொழிலாளர் கணக்கெடுப்பின் ஆண்டறிக்கை. 2017-18இல் அது 6.1. கிட்டத்தட்ட பாதி. ஆனால் அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்துப் பொருளாதாரம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

எங்கள் அண்ணியைத்தான் நினைத்துக்கொள்கிறேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தார். வாரச் சம்பளம், பி.எஃப். எல்லாம் இருந்தது. அது போனபிறகு அண்ணனோடு இட்லிக் கடையில் நிற்கிறார். காலை நாலரைக்கு முதல் ஈடு ஊற்றுவார். பதினோரு மணிக்குக் கடைசித் தட்டைக் கழுவி வைக்கும்போது விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருக்கும். அவர் கைக்கென்று தனியாக ஒரு ரூபாய் வராது.

கணக்கெடுப்பில் அவரும் வேலையில் இருப்பவர்தான். குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவுகிறவர்களையும் சுயதொழில் பிரிவில் சேர்க்கிறார்கள். வேலை செய்பவர்களில் அந்தப் பிரிவின் பங்கு இதே காலத்தில் சுமார் 52 சதவீதத்திலிருந்து 58க்கு ஏறியிருக்கிறது. நிரந்தரச் சம்பளக்காரர்களின் பங்கோ கொஞ்சம் இறங்கி, 22க்குப் பக்கத்தில் நிற்கிறது.

அண்ணியின் உழைப்பைக் கணக்கில் சேர்ப்பது சரி, சேர்க்கத்தான் வேண்டும். அதைச் சம்பள வேலையோடு ஒரே எண்ணில் கலந்து படிப்பதுதான் எனக்கு வலிக்கிறது. அடுத்த அறிக்கை வரும்போது யார் எந்த வகை வேலையில் இருக்கிறார்கள் என்ற அட்டவணையையும் ஒருமுறை பாருங்கள். நான் முதலில் அதைத்தான் தேடுவேன்.