நகாத்தோவுக்கு ஓர் அத்தை

மாப்பிள்ளை வீட்டார் கேட்டது ஒரே கேள்விதான். பெண் எந்தக் கூட்டம்?

2016 செப்டம்பர் மாதம். உகாண்டாவின் தெற்கே, மசாக்கா நகரத்துக்கு வெளியே இருந்த எங்கள் பெண்கள் விடுதியின் முன்னறையில் மூன்று பெரியவர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளை கன்சு அங்கியின் மேல் கோட்டு. நான் தேநீர் கொடுத்துவிட்டு, விடுதிப் பொறுப்பாளர் என்ற தோரணையில், "அவள் அநாதை. ஐந்து வயதிலிருந்து எங்களிடம்தான் வளர்ந்தாள்" என்றேன். அதோடு பேச்சு முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

மூத்தவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அது தெரியும், சிஸ்டர். எந்தக் கூட்டத்து அநாதை?"

பதின்மூன்று வருடமாக அந்த ஊரில் இருந்தேன். பதில் தெரியவில்லை.

கொங்குப் பக்கத்தில் கூட்டம் என்று சொல்வார்களே, அந்தப் பகுதியில் வாழும் பகாண்டா மக்களின் 'எகிகா' ஏறக்குறைய அதுதான். தகப்பன் வழி வருவது. ஐம்பதுக்கு மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் குலச்சின்னமாக ஒரு விலங்கோ, மீனோ, பூச்சியோ, செடியோ உண்டு. தன் சின்னத்தைத் தான் சாப்பிடக் கூடாது. ஒரே கூட்டத்துக்குள் பெண் எடுக்கக் கூடாது, நம் பங்காளி முறை மாதிரி. ஆகவே பெண்ணின் கூட்டம் தெரியாமல் அவர்களால் ஒரு அடி நகர முடியாது. தங்கையையே கட்டிவைத்துவிட்டால்?

பெண்ணின் முழுப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பாதி போதும்: நகாத்தோ. அது பெயர்கூட இல்லை, பிறந்த வரிசை. இரட்டைப் பெண் குழந்தைகளில் மூத்தவள் பபிரியே, இளையவள் நகாத்தோ. பகாண்டா மக்களிடையே பெரும்பாலான பெயர்களைக் கேட்டதுமே ஆள் எந்தக் கூட்டம் என்று சொல்லிவிடுவார்கள். இரட்டையர் பெயர் மட்டும் எல்லாக் கூட்டத்துக்கும் பொது. பிடி கொடுக்காத பெயர்.

சந்தையில் அவள் பெயரைக் கேட்கிறவர்கள் எல்லாரும் அடுத்ததாக, "பபிரியே எங்கே?" என்பார்கள். அவள் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவாள். நானும் ஒருநாள்கூட அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

அவர்களை அனுப்பிவிட்டு அலுவலக அலமாரியைத் திறந்தேன். 1999ஆம் ஆண்டுப் பதிவேட்டில் அவளுக்கு ஒரு வரி. வயது 5. தந்தை இறப்பு, தாய் இறப்பு. உறவினர் என்ற கட்டத்தில் 'இல்லை'. கொண்டுவந்து சேர்த்தவர் என்ற கட்டத்தில் 'ஜாஜா'.

ஜாஜா என்றால் தாத்தாவாகவும் இருக்கலாம், பாட்டியாகவும் இருக்கலாம். இங்கே பாட்டி. பாட்டி கையைப் பிடித்துக் கூட்டிவந்த பிள்ளைக்கு உறவினர் இல்லை என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறார்கள். எழுதியவர் எனக்கு முன்னால் இருந்தவர். ஆனால் 2003இலிருந்து ஒவ்வொரு வருடமும் நன்கொடையாளர்களுக்குப் போகும் அறிக்கையில் அந்த 'இல்லை'யைப் பார்த்துப் பார்த்து எழுதியது நான். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள்.

ஏன் அப்படி எழுதினார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஐ.நா. அமைப்புகளின் கணக்கில் தாய் தந்தை இருவரில் ஒருவரை இழந்த 18 வயதுக்குட்பட்ட பிள்ளையும் அநாதைதான். ஆனால் பணம் அனுப்புகிறவர்களின் மனதில் அநாதை என்றால் யாருமே இல்லாத பிள்ளை. பாட்டி, சித்தப்பா என்றெல்லாம் எழுதினால், "அப்படியானால் அவர்கள் பார்த்துக்கொள்ளலாமே" என்று பதில் வரும். பாட்டிக்கோ எட்டுப் பேரக்குழந்தைகள், அரை ஏக்கர் வாழைத்தோட்டம், கண்ணில் புரை. அதற்கெல்லாம் படிவத்தில் கட்டம் கிடையாது.

அந்தக் காலத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உகாண்டாவில் எய்ட்ஸ் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது 1982இல், ரக்காய் பகுதியில், விக்டோரியா ஏரிக்கரையில் உள்ள கசென்செரோ என்ற மீனவர் ஊரில். ஆட்கள் மெலிந்துகொண்டே போனதால் 'ஸ்லிம்' என்றார்கள், பகாண்டா மக்களின் மொழியான லுகாண்டாவில் அது 'சிலீமு' ஆயிற்று. தான்சானியா வியாபாரிகளை ஏமாற்றியதால் அவர்கள் வைத்த சூனியம் என்றுதான் முதலில் நம்பினார்கள். பகாண்டா மக்கள் இறந்தவரைச் சொந்த நிலத்தில் புதைப்பார்கள். நான் வந்த புதிதில் ஒரு வாழைத்தோட்டத்துக்குள் நடந்தால் ஒரே வீட்டைச் சுற்றி ஐந்து, ஆறு சிமெண்ட் கல்லறைகள் பார்க்கலாம். திண்ணையில் ஒரு கிழவியும் ஏழெட்டுக் குழந்தைகளும் இருப்பார்கள். நடுவில் ஒரு தலைமுறையே இருக்காது.

2003இல் எங்களால் கொடுக்க முடிந்தது வேறு தொற்று வராமல் தடுக்கும் செப்ட்ரின் மாத்திரை, கஞ்சி, பள்ளிக் கட்டணம், ஜெபம். முதல் இரண்டு வருடத்தில் நான்கு பிள்ளைகளை அடக்கம் செய்தோம். அப்புறம் எய்ட்ஸுக்கான கூட்டு மருந்துகள் வந்தன. 2001இல் மும்பையின் சிப்லா நிறுவனம் ஒருவருக்கு ஒரு வருட மருந்தை 350 டாலருக்குத் தருவதாக அறிவித்து விலையை உடைத்ததன் பலன் எங்கள் மேசைக்கு வந்து சேர நான்கு வருடம் ஆயிற்று. டப்பாவில் 'மேட் இன் இந்தியா' என்று பார்த்ததும் பிள்ளைகள் என்னைப் பார்த்துக் கை தட்டினார்கள், நானே தயாரித்த மாதிரி. அதுவரை நான் அவர்களுக்கு வெறும் 'முயிண்டி', இந்தியக்காரி. ஊருக்குள் போனால் "உங்கள் கடை எது?" என்றுதான் கேட்பார்கள். 1972இல் இடி அமீன் ஆசியர்களைத் துரத்திய கதை அங்கே இன்னும் பழைய கதையாகவில்லை.

ஆக, நாங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். நகாத்தோவுக்கு நோய் இல்லை. நன்றாகச் சாப்பிட்டாள், படித்தாள், என் தையல் வகுப்பில் முதல் மாணவி. அங்கே விழாவுக்குப் பெண்கள் உடுத்தும் கோமெசி என்ற உடையை அவள் தைத்தால் தோள்பட்டை கத்தி மாதிரி நிமிர்ந்து நிற்கும். (கோமெசி என்ற பெயரே அங்கே தையல்கடை வைத்திருந்த கோவாக்காரர் கோமெஸிடமிருந்து வந்தது. அந்த ஊர்த் தையலில் நம் ஊர் ஊசி கொஞ்சம் இருக்கிறது.) பிள்ளைக்கு எது குறை என்று யாராவது கேட்டிருந்தால் எதுவும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

எங்கள் அலமாரியில் வேறு சில பிள்ளைகளின் 'நினைவுப் புத்தகங்கள்' இருந்தன. எச்.ஐ.வி.யோடு வாழ்ந்த பெண்களின் அமைப்பான நக்வோலா 1990களின் பிற்பகுதியில் பரப்பிய வழக்கம் அது. சாகப்போகிறோம் என்று தெரிந்த தாய் பிள்ளைக்காகத் தன் கையால் எழுதிவைப்பது. நீ பிறந்த அன்று மழை, உன் தாத்தா இன்னார், உன் கூட்டம் இது, உனக்குப் பிடித்த பாட்டு இது. பிள்ளைகள் அழுவார்கள் என்று அவற்றை நாங்கள் பூட்டிவைத்திருந்தோம். அன்றைக்கு அலமாரிக்கு முன்னால் நின்றபோதுதான் அது எவ்வளவு முட்டாள்தனம் என்று புரிந்தது. நகாத்தோவின் தாய்க்கு எழுதத் தெரியாது. அவளுக்குப் புத்தகமும் இல்லை.

எங்கள் உபதேசியார் எழுபது வயதுக்காரர். அவரிடம் சொன்னேன். "இரட்டைப் பிள்ளையா? அப்படியானால் கஷ்டமே இல்லை" என்றார். இரட்டைக் குழந்தை பிறந்தால் அங்கே தகப்பன் சலோங்கோ, தாய் நாலோங்கோ. பழைய பெயர் போய் அந்தப் பட்டமே நிற்கும். பெரிய சடங்கு உண்டு, இரண்டு பக்கத்துக் குடும்பமும் கூடும், ஆட்டம் பாட்டம். ஊர் மறக்காது. "முதலில் ஞானஸ்நானப் பதிவைப் பார்ப்போம், சிஸ்டர்."

இருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு பங்குக் கோயில். பதிவு அங்கே இருந்தது. தகப்பன் பெயர், ஊர், ஞானத்தாயின் பெயர், எல்லாம். அரை மணி நேர வேலை. பதினேழு வருடமாக எங்கள் திருச்சபையின் அலமாரியிலேயே இருந்திருக்கிறது. மசாக்கா, ஜோசப் கிவானுக்கா என்ற மண்ணின் மைந்தர் 1939இலேயே ஆயராகப் பொறுப்பேற்ற இடம். அங்குள்ள குருக்கள் எல்லாருக்கும் தத்தம் கூட்டம் தெரியும், அடுத்தவர் கூட்டமும் தெரியும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். நாங்கள்தான் கேட்கவில்லை.

ஞானத்தாய் உயிரோடு இருந்தார். சலோங்கோவைப் பற்றிக் கேட்டதும் சடங்கில் பாடிய பாட்டையே பாடிக் காட்டினார். பபிரியே ஒன்றரை வயதில் போய்விட்டாள். அவர் 'இறந்தாள்' என்று சொல்லவில்லை. இரட்டையருக்கு அந்தச் சொல்லை அங்கே சொல்ல மாட்டார்கள், 'பறந்துவிட்டாள்' என்பார்கள். பிறகு, "அவளுடைய சென்கா இருக்கிறாளே, கசென்செரோவில்" என்றார்.

சென்கா என்றால் தகப்பனின் சகோதரி. நம் அத்தை. பகாண்டா வீட்டில் பெண் பிள்ளைக்குத் தாயைவிட அத்தைக்குத்தான் பொறுப்பு அதிகம். வயதுக்கு வந்தால் சொல்லிக்கொடுப்பது, வரன் வந்தால் விசாரிப்பது, கல்யாணப் பேச்சில் முன்னால் நிற்பது எல்லாம் அவள். தாய்மாமனுக்கும் தனிப் பெயர் உண்டு, கொஜ்ஜா. இதையெல்லாம் முதல் வருடமே லுகாண்டா பாடத்தில் படித்துவிட்டேன். அத்தை, மாமா என்று தமிழில் பக்கத்தில் எழுதிவைத்துக்கூடப் படித்தேன். என் விடுதியில் இருந்த நாற்பது பிள்ளைகளுக்கு அத்தை யார் என்று மட்டும் தோன்றவில்லை.

நவம்பரில் நானும் நகாத்தோவும் போனோம். தான்சானியா எல்லைக்குப் பக்கத்தில், ஏரியை ஒட்டி மீன் புகை போடும் இடம். முகெனே என்ற பொடி மீனைத் தரையில் பரப்பி உலர்த்தியிருந்தார்கள். நான் தூத்துக்குடிக்காரி, நெத்திலிக் கருவாட்டு வாசனையில் ஒரு நிமிடம் வீட்டுக்கே போய்விட்டேன். ஐம்பது வயது தாண்டிய ஓர் அம்மா எழுந்து வந்தார். நகாத்தோவை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம், அந்த ஊர் முறைப்படி, என் முன்னால் மண்ணில் முழங்காலிட்டு வணக்கம் சொன்னார். அந்த வணக்கம் எனக்கு என்றைக்கும் பழகியதில்லை. அன்று தாங்கவே முடியவில்லை. நானும் உட்கார்ந்துவிட்டேன்.

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பிள்ளை எங்கே இருக்கிறாள், எந்த வகுப்பு படித்தாள், தையல் படிக்கிறாள் என்பதுவரை. 2005இல் ஒரு கூடை முகெனேயோடு எங்கள் வாசலுக்கு வந்திருக்கிறார். காவல்காரர் பலகையைக் காட்டியிருக்கிறார்: 'பெற்றோரோ உறவினரோ இல்லாத பிள்ளைகளுக்கு மட்டும்.'

"நான் அத்தை என்று சொன்னால் பிள்ளையை வெளியே அனுப்பிவிடுவீர்கள் என்று பயந்தேன். என் வீட்டில் அப்போது பதினொரு பேர். அங்கே அவளுக்குச் சாப்பாடும் பள்ளியும் இருந்தது. மீனை மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்."

அந்தப் பலகை வெயிலில் வெளுத்துப்போயிருந்தது. 2004இல் புது பெயிண்ட் வாங்கி எழுத்தைத் தெளிவாக எழுதச் சொன்னது நான்தான்.

நகாத்தோ மீனைப் பற்றித்தான் கேட்டாள். "யார் கொடுத்தது என்று காவல்காரர் சொல்லவில்லையே?" நாங்கள் எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டிருப்போம். எனக்கு நினைவில்லை.

லுகாண்டாவில் அநாதைக்குச் சொல் 'முலெக்வா'. விட்டுச் செல்லப்பட்டவர் என்று பொருள். அதில் விட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள், ஒரு குடும்பம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் அநாதையில் நாதன் இல்லை, வேதாகமத் தமிழின் திக்கற்ற பிள்ளைகளுக்குத் திக்கே இல்லை. முலெக்வா என்று அவர்கள் சொன்னதையெல்லாம் நான் வருடக்கணக்காக அநாதை என்று மொழிபெயர்த்து ஊருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். காணிக்கை நன்றாகவே வந்தது.

அரசாங்கம் 2012இலேயே மாற்றுப் பராமரிப்புக்கு ஒரு வழிமுறை கொண்டுவந்திருந்தது. முதலில் உறவினர் வீடு, விடுதி கடைசி வழி. அந்தக் கோப்பும் எங்களிடம் இருந்தது, மேல்தட்டில். அடுத்த ஒரு வருடம் உபதேசியாரும் நானும் பதிவேட்டை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்தோம். பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு யாராவது ஒருவர் இருந்தார். எல்லாம் நல்லபடியாக முடியவில்லை. ஒரு சித்தப்பா, பிள்ளையின் தகப்பன் நிலத்தை விற்றுவிட்டதால் கதவைத் திறக்கவே இல்லை. ஒரு பெண், அத்தையைப் பார்த்துவிட்டு வந்து, "இத்தனை நாள் எங்கே இருந்தாள்?" என்று ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அவள் கோபப்பட்டது யார்மேல் என்று நான் கேட்கவில்லை. பலகையைக் கழற்றி மரப் பட்டறைக்குக் கொடுத்துவிட்டேன்.

நகாத்தோவின் க்வாஞ்சுலா, நம் நிச்சயதார்த்தம் போன்றது, டிசம்பரில் நடந்தது. சென்காதான் முன்னால் நின்றார். எனக்குப் பாயில் அவர் பக்கத்தில் இடம். அதிகம் பேசக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்கள், நானும் பேசவில்லை.

கூட்டம் எது என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். ந்செனெனே. வெட்டுக்கிளி. மசாக்காவில் நவம்பர் வந்தால் ராத்திரி முழுக்கப் பெரிய விளக்குகள் எரியும், தகரங்களைச் சாய்த்துவைத்து, அவற்றில் மோதிச் சறுக்கும் வெட்டுக்கிளியை டிரம்மில் பிடிப்பார்கள். இறக்கை பிய்த்து வெங்காயம் போட்டு வறுத்தால் ஊரே சாப்பிடும், அந்தக் கூட்டத்தாரைத் தவிர. விடுதியில் அதைப் பிடிப்பதிலும் தின்பதிலும் நகாத்தோவை மிஞ்ச ஆள் கிடையாது.

கசென்செரோவிலிருந்து திரும்பிய அன்று மசாக்கா டாக்சி நிலையத்தில் வண்டி நின்றதும் வழக்கம்போல ஜன்னலுக்குள் கைகள் நீண்டன. பழக்கதோஷத்தில் ஒரு பொட்டலம் வாங்கி அவள் மடியில் வைத்தேன். அவள் அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள், சூடு ஆறும்வரை. பிறகு என்னிடம் திருப்பிக் கொடுத்து, சாப்பிடுவதில்லை என்றாள்.

லுகாண்டாவில் நாம், நாங்கள் என்ற வித்தியாசம் கிடையாது, இரண்டுக்கும் ஒரே சொல். என் காதில் அது தமிழாகத்தான் விழுந்தது. நாங்கள் அதைச் சாப்பிடுவதில்லை, சிஸ்டர். நீங்கள் சாப்பிடுங்கள்.